செல்லதுரை சவுண்ட் சர்வீஸும் ஒற்றைத் தலைவலியும்

காலை பதினொன்றே காலுக்குச் செல்லதுரையின் பெயரில் பாதி காணாமல் போனது.

கீழ்வேளூர் கல்யாண மண்டபம் ஒன்றில் ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் பாக்ஸ், சீரியல் செட் விளக்குகள் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு வீடு திரும்பியவர், வாசலில் தொங்கும் தன் போர்டை வழக்கம்போல் அண்ணாந்து பார்த்தார். 'துரை சவுண்ட் சர்வீஸ்' என்று இருந்தது. 'செல்ல' இருந்த இடத்தில் ஓட்டையும் இல்லை, கறுப்பும் இல்லை. அந்த இடமே இல்லை. வெறும் துரை என்பதும் தமக்குப் பொருத்தம்தான் என்று நினைத்தபடி கண்ணைக் கசக்கினார். கசக்கிய பிறகு அந்த இல்லாத இடத்தின் ஓரத்தில் ஒரு சீரியல் செட், அவர் கடையில் இல்லாத மாடல், கோணல்மாணலாக ஓட ஆரம்பித்தது. கண்ணை மூடினாலும் ஓடியது.

அது என்னவென்று அவருக்குத் தெரியும். பதினாலு வருஷமாக ஈஸ்வரி சொன்னதுதான். "முதல்ல ஓரத்துல ஜிகுஜிகுன்னு ஒண்ணு வரும்ங்க. அப்புறம் எதுத்தாப்ல நிக்கிறவங்க மூஞ்சி பாதி தெரியாது. அப்புறம்தான் வலி." பெண்டாட்டி சொல்வதையெல்லாம் நம்ப அவர் என்ன முட்டாளா? இந்தக் கேள்வியை அவர் தம்மிடமே கேட்டு, தாமே பதில் சொல்லி, திருப்தியாக இருந்தவர்.

அவளைக் கூட்டிப்போன தஞ்சாவூர் நரம்பு டாக்டரிடமும் அப்படித்தான் கேட்டார். "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லேங்கிறீங்க. அப்ப ஒண்ணும் இல்லைதானே சார்?"

"ஸ்கேன்ல தெரியாதுங்க. ஆனா வலி இருக்கு" என்று டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். நேரத்துக்குத் தூங்கணும். சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது. தண்ணி குடிக்கணும். வலி கிளம்பும்போதே மாத்திரை. முற்றிய பிறகு பிரயோஜனம் குறைவு. வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் போட்டால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். இருட்டறை, சத்தம் கூடாது. எது கிளப்புகிறது என்று நோட்டில் குறித்து வரணும்.

ஈஸ்வரி குறித்தாள். வெயில். காபி லேட். டியூப்லைட். மைக்.

அந்த நோட்டைத்தான் செல்லதுரை தம் அக்கா பேரன் காதுகுத்தில் மைக்கில் படித்தார். சும்மா படிக்கவில்லை. நெற்றியைப் பிடித்துக்கொண்டு, குரலை இழுத்து, "ஏங்க... லைட்டைப் போடாதீங்களேன்" என்று நடித்துக் காட்டினார். பந்தியில் பாதிப் பேருக்குப் புரையேறியது. அவருடைய முப்பது வருஷ ஒலிபெருக்கி வாழ்க்கையில் அப்படி ஒரு கைதட்டு வாங்கியதில்லை. மறுநாள் ஈஸ்வரி சீர்காழியில் அண்ணன் வீட்டுக்குப் போனாள். பதினோரு நாளாகிறது.

சீரியல் செட் அணைந்ததும் வலி வந்தது. வலது புருவத்துக்கு மேலே யாரோ உள்ளேயிருந்து தட்டுவது போல, ஒவ்வொரு தட்டுக்கும் கண் வெளியே வந்துவிடும் போல. வயலில் அறுவடை மெஷின் விட்ட டீசல் புகை, ஈர வைக்கோலின் புழுங்கிய வாடை, பக்கத்து வீட்டில் வறுபடும் கருவாடு, தம் சட்டையிலேயே அடித்த வியர்வை எல்லாம் ஒன்றாய்த் திரண்டு மூக்கு வழியாக மூளைக்குள் ஏறின. வாசல் கதவைத் தாழிட்டார். ஹாலைக் கடந்து, ஜன்னலில் போர்வை ஆணியடித்த ஈஸ்வரியின் அறைக்குள் போய் அந்தக் கதவையும் தாழிட்டுப் படுத்தார். 'சினிமா கொட்டாய்' என்று அவர் பெயர் வைத்திருந்த அறை.

அலமாரியில் அவள் விட்டுப்போன மாத்திரை ஒன்று இருந்தது. முதல் அரைமணி நேரம் அதைப் பார்த்து 'பொம்பளை மாத்திரை' என்று சிரித்துக் கழித்தார். பிறகு விழுங்கினார். விழுங்கியது வாந்தியோடு வெளியே வந்தது.

இப்போது அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஒரு மணி நேரம் அந்த அறைக் கதவு திறக்கக் கூடாது.

டொக்.

ஹாலில் ஒரு சத்தம். ஆம்ப்ளிஃபயரில் சுவிட்சைத் தட்டினால் பாக்ஸ் போடும் சத்தம். அவருக்குத் தெரியாத சத்தமா? ஆனால் ஆம்ப்ளிஃபயர் மண்டபத்தில் இருக்கிறது. பாக்ஸும் அங்கேதான்.

பிறகு உம்ம்ம் என்று இரைச்சல். யாரோ மைக்கில் ஊதினார்கள்.

"ஹலோ. ஹலோ. மைக் டெஸ்டிங். ஒன். டூ."

வயிறு நிறையச் சாப்பிட்ட மனிதனின் நிதானமான குரல். தாலுகாவில் யாரைக் கேட்டாலும் யார் குரல் என்று சொல்லிவிடுவார்கள். செல்லதுரையின் குரல்.

தலையணைக்கடியில் பட்டன் போனைத் தடவி, கண்ணைத் திறக்காமலே ஈஸ்வரியின் நம்பரை அழுத்தினார்.

"சொல்லுங்க."

"ஈஸு... தலை வெடிக்குதுடி. ஹால்ல எவனோ இருக்கான். வா. யாரையாச்சும் அனுப்பு."



"ரொம்ப நல்லா வருதுங்க" என்றாள் ஈஸ்வரி. "காதுகுத்துல பண்ணதைவிட நல்லா பண்றீங்க."

"நடிக்கலடி. சத்தியமா."

"தலைவலிக்காரர்தான் மைக் டெஸ்டிங் பண்ணுவாரா? பின்னாடி உங்க குரல் எனக்கும் கேக்குது. பதிவு பண்ணி ஓட விட்டுட்டு இந்தப் பக்கம் முனகுறீங்க. யாரு பக்கத்துல உக்காந்து கேக்குறாங்க? உங்க அக்காவா?"

"ஈஸு, ஒருத்தரும் இல்ல."

"அப்ப அங்க சிரிக்கிறது யாருங்க?"

வைத்துவிட்டாள்.

அவர் காதைத் தீட்டிக் கேட்டார். ஆமாம். சிரித்தார்கள்.

"ஒன். டூ."

பக்கத்தில். இன்னும் பக்கத்தில். பிளாஸ்டிக் நாற்காலிகள் தரையில் இழுபடுகின்றன. ஒன்று. நாலு. நிறைய.

காதுகுத்துப் பந்தியில் போட்ட மெதுவடையின் வாசனை.

கதவுக்கடியில் வெள்ளையாக ஒரு வெளிச்சக் கோடு.

"ஏங்க..." வாய் தானாகச் சொன்னது. இழுத்து. அதே இழுப்பு. "லைட்டைப் போடாதீங்களேன்."

"ஸ்கேன்லதான் ஒண்ணும் இல்லேல்ல?" என்றது கதவுக்கு அந்தப் பக்கம் அதே குரல்.

தாழ்ப்பாள் நகர்ந்தது.

முதலில் கை. பவழ மோதிரம். அவருடைய விரலிலும் அது இருந்தது. சுவிட்சைத் தடவிய விரல்கள் சரியான இடத்தில் நின்றன.

டியூப்லைட் இரண்டு முறை துடித்து எரிந்தது.

வாசற்படியில் செல்லதுரை. முகத்தில் இடது பாதி இல்லை. ஓட்டையும் இல்லை, கறுப்பும் இல்லை. வலது பாதியில், சொந்தக்காரர்களைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு. அதற்குப் பின்னால் ஹால் முழுக்க வரிசை வரிசையாக நாற்காலிகள், அத்தனையிலும் ஆட்கள், காதுகுத்துக்கு வந்த அதே பட்டுச்சேலைகள், அதே வேட்டிகள். ஒருவருக்கும் முழு முகம் இல்லை.

அது கட்டிலருகே வந்து குனிந்தது. மைக்கை அவர் வாய்க்கு நேராக நீட்டியது.

சிரிக்கத் தயாராக, எல்லோரும் பாதி வாயைத் திறந்தார்கள்.