ராஜரத்தினத்தின் எண்

தொண்ணூற்றாறாம் வருஷத்து ஐப்பசி மழை. மயிலாப்பூரிலிருந்து பஸ் பிடித்து ஹம்சினி தேனாம்பேட்டை ஆபீஸுக்கு வந்து சேர்ந்தபோது காலை பத்து மணிக்கே விளக்கு தேவைப்பட்டது. தெருவெல்லாம் தண்ணீர். அவளுக்கு முன்னால் வந்திருந்தது சரண்யா மட்டும்தான்.

குடையைக் கதவோரம் சாய்த்துவிட்டு சர்வர் அறைக்குள் போனாள். அங்கிருந்த கம்ப்யூட்டரும் அதோடு இணைந்த டெர்மினல்களும் அவள் பொறுப்பு. கம்ப்யூட்டருக்குள் யார் யார் நுழைந்திருக்கிறார்கள் என்று திரையில் பட்டியலைப் பார்த்தாள். சரண்யாவின் பெயர் இரண்டு முறை வந்தது. வாசல் பக்கத்து இரண்டாவது டெர்மினல்.

அப்புறம் ஆறாவது.

ஆறாவது ராஜரத்தினத்துடையது. எல்லாரையும் தங்கச்சி என்றே கூப்பிடுவார். சட்டையில் எப்போதும் நீலகிரித் தைலம் மணக்கும். ஆனி மாதம் அந்த நாற்காலியிலேயே மூச்சுத் திணறி இறந்துபோனார். அந்த டெர்மினலின் கேபிளைக் கழற்றிச் சுருட்டி வைத்தவள் ஹம்சினிதான்.

கம்ப்யூட்டர் ஆளை அடையாளம் காண்பது பெயரால் அல்ல, எண்ணால். போன வாரம் சேர்ந்த சரண்யாவுக்கு, அவசரத்தில், ராஜரத்தினத்தின் நூற்றுப் பதினேழையே கொடுத்துவிட்டாள். அவருடைய கோப்புகளெல்லாம் அன்றே அந்தப் பெண்ணுடையவை ஆகிவிட்டன. அந்த எண்ணில் யார் நுழைந்தாலும் இனி சரண்யா என்றே காட்டும். செய்யக்கூடாத தப்பு. நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டிருந்தாள்.

கீபோர்டில் தட்டி ஆறாவது டெர்மினலின் இணைப்பைத் துண்டித்தாள்.

வெளியே நாற்காலி கிறீச்சிட்டது.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சரண்யா தொண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். திரையில் ஆறாவது டெர்மினலின் வரி தானாக மறுபடி வந்தது. அந்தக் கணமே அவளுக்கு மூச்சும் வந்தது.

“திடீர்னு மூச்சு நின்னுடுச்சுக்கா,” என்றாள் சின்னக் குரலில்.

ஹம்சினி திரைக்குத் திரும்பினாள். சரண்யாவின் எண்ணை மாற்றிப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் தலை மேஜையில் சரிந்தது. பதறிப்போய்ப் பழைய எண்ணையே போட்டாள். தலை நிமிர்ந்தது. டாக்டரைக் கூப்பிட ஃபோனை எடுத்தாள். மழையில் லைன் செத்துக் கிடந்தது.

அப்போது கரண்ட் போனது.

யூ.பி.எஸ். கீக் கீக் என்று கத்தத் தொடங்கியது. பேட்டரி பத்து நிமிஷம் தாங்கும். அதற்குப் பிறகு எல்லா இணைப்பும் அறுந்துவிடும். ஓடிப்போய் சரண்யாவை இறுக்கி அணைத்துக்கொண்டாள். வேறென்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

“என்னை விட்டுட்டுப் போகாதீங்கக்கா.”

“போக மாட்டேன்டி. இங்கதான் இருக்கேன்.”

கத்தல் நின்றது. சர்வரின் விசிறியும் ஓய்ந்தது.

அணைப்புக்குள் மார்பு அசையவில்லை. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. ஹம்சினி அழக்கூட முடியாமல் அந்த முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

பிறகு, இழுத்து இழுத்து, சளி கட்டிய நெஞ்சிலிருந்து ஒரு நீண்ட மூச்சு வந்தது.

நீலகிரித் தைலம் மணத்தது.

சரண்யா மெல்லக் கண்ணைத் திறந்து, இருண்டு கிடந்த ஆறாவது டெர்மினலைப் பார்த்தாள்.

“அந்தக் கேபிளை மாட்டிடு, தங்கச்சி.”