செலின் பெயரில் ஒரு மேடை

வாருங்கள் பிள்ளைகளே! இந்த அநியாயத்தை உங்கள் கண்ணாலேயே பாருங்கள்!

வில்லியனூருக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், மாதா கோயில் வாசலில் ஒரு சரக்கொன்றை நிற்கிறது. சித்திரை பிறந்தால் பொன்னாகப் பூத்துத் தொங்கவேண்டிய மரம், இலையுதிர்ந்து வெறும் குச்சியாக நிற்கிறது. அதன் அடியில் மட்டும் பளபளவென்று, சிமென்ட் பூசி வழவழப்பான ஓடு பதித்த ஒரு வட்ட மேடை. மேடையில் ஒரு சலவைக்கல். அந்தக் கல்லில், ஐந்தாம் வகுப்பு படிக்கும் மரிய செலினின் பெயர்!

முன்பொருமுறை கடுங்காய்ச்சலில் கிடந்த செலின் பிழைத்தெழுந்தாள். கொத்தனாரான அவள் அப்பா அருள்சாமி, வேண்டிக்கொண்ட நேர்ச்சைக்காகத் தம் கையாலேயே கட்டிய மேடை அது.

"மரம் பட்டுப்போச்சி. ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சதும் வெட்டிடலாம்" என்றார் திருவிழாக் குழுத் தலைவர் டேனியல்.

"எதனால பட்டுச்சி பெரியப்பா?" என்று கேட்டாள் செலின்.

"கண்ணு பட்டிருக்கும்."

"மரத்துக்கா? யாரு கண்ணு?"

"பெரியவங்க பேசும்போது வாய மூடு!"

சுற்றி நின்ற குழுவினர் எல்லோரும் சிரித்தார்கள். செலினுக்குக் காது மடல்வரை சூடேறியது. தாழ்ந்த கிளையொன்றை இழுத்து நகத்தால் சுரண்டினாள். உள்ளே பச்சை! உயிரோடிருக்கும் மரத்தையா வெட்டப் போகிறார்கள்?

சாலைக்கு எதிரே, காசம்மாளின் டீக்கடையோரம் இன்னொரு கொன்றை. இரண்டும் ஒரே நாளில் நட்டவை. அது பூத்துக் குலுங்கியது.

"அக்கா, இதுக்கு இன்னா போடுற?"

"நான் இன்னாடி போடப்போறேன்? கிளாஸ் கழுவுன தண்ணிய ஊத்துறேன். அது டீ குடிச்சே வளந்துடுச்சி!"

செலின் ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிவந்து கோயில் மரத்தடியில் ஊற்றினாள். தண்ணீர் ஓட்டின்மேல் வழுக்கி, விளிம்பில் வழிந்து, சாக்கடைக்கு ஓடியது. ஒரு சொட்டும் மண்ணுக்குள் இறங்கவில்லை. அடிமரத்தைச் சிமென்ட் இறுக்கிப் பிடித்திருந்தது. பட்டை பிதுங்கி வெடித்திருந்தது.

நோயுமில்லை, கண்ணுமில்லை. தாகம்! ஊரே பார்த்திருக்க, மரம் தாகத்தால் செத்துக்கொண்டிருந்தது!

வீட்டுக்கு ஓடினாள். அப்பாவின் சுத்தியலோடு திரும்பினாள். முதல் அடி தன் பெயரின்மேல்!

"ஏய்! இன்னா பண்ற?" டேனியல் அலறினார். "நேர்ச்ச மேடைடி அது! மாதா கோச்சிக்குவாங்க!"

"கோச்சிக்கட்டும், நான் பேசிக்கிறேன். கல்லுல இருக்கறது என் பேரு. என் பேர வெச்சி யாரும் மரத்தக் கொல்லக்கூடாது!"

சத்தம் கேட்டு அருள்சாமி ஓடிவந்தார். உடைந்த கல்லைக் கண்டதும் அவர் முகம் வாடியது. "உனக்காகக் கட்டனதுடி..."

"எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ஸ்பூன் ஸ்பூனா தண்ணி குடுத்தியேப்பா! இதுக்கு மட்டும் ஏன்பா வாய அடச்ச?"

அருள்சாமி குனிந்தார். மரத்துக்கும் சிமென்டுக்கும் நடுவே விரலை நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. சட்டென்று சுத்தியலைப் பிடுங்கினார்.

"தள்ளு. நீ அடிக்கிற லட்சணத்துக்கு உன் கால்ல போட்டுக்கப்போற. போயி கடப்பாரைய எடுத்துட்டு வா."

மேடை பெயர்ந்தது. அடியில் மண் சாம்பலாய் உலர்ந்து கிடந்தது. வேரில் காயம் படாமல் கொத்திவிட்டு, எருவிட்டு, பாத்தி கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தது, மரத்தில் கைவைக்க ஒருவரும் வரவில்லை. டேனியல் மட்டும் ஒரு குடத்தோடு வந்தார்.

"கண்ணு பட்ட மரத்துக்குத் தண்ணியா பெரியப்பா?"

"வாய மூடிக்கிட்டுக் குடத்தப் புடி!"

திருவிழா வந்தபோது கிளை நுனிகளில் செம்புநிறத் தளிர்கள் எட்டிப் பார்த்தன. பூ மட்டும் அந்த ஆண்டு இல்லை. செலினின் கோபமும் தீரவில்லை.

ஏன் தீரவேண்டும்? பிள்ளைகளே, எழுந்து உங்கள் தெருவுக்குப் போங்கள். சிமென்ட் இறுக்கிய மரம் எது என்று பாருங்கள். கட்டியவரைக் கையோடு அழைத்து வாருங்கள். அவர் உடைக்கும்வரை அங்கிருந்து நகராதீர்கள்!