மூன்றரை லிட்டர்

அந்தக் காரின் இன்ஜினுக்குள் மொத்தமே மூன்றரை லிட்டர் ஆயில்தான் பிடிக்கும். ஜாடியில் இப்போது நாலைத் தாண்டியிருந்தது.

சின்னவன் குனிந்து ஜாடியின் பக்கவாட்டில் அச்சடித்திருந்த கோடுகளை விரலால் தொட்டு மறுபடி பார்த்தான். வயசு இருபத்தாறு ஆகியும் வீட்டில் அவன் சின்னவன்தான். நாலு என்று போட்டிருந்த கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்துக்குக் கறுப்பு நின்றது. நிற்கவில்லை. மெதுவாக, அவசரமே இல்லாமல், ஏறிக்கொண்டிருந்தது.

யாரோ போன தடவை கூடுதலாக ஊற்றியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டான். அந்த 'யாரோ' அப்பாதான் என்பதும், அப்பா ஒரு சொட்டுகூடக் கூடுதலாக ஊற்றுகிற ஆளில்லை என்பதும் அடுத்த நொடியே ஞாபகத்துக்கு வந்தது.

ஆயில் உறிஞ்சுகிற பம்ப் வந்து நாலு நாள்தான் ஆகிறது. தண்ணீர் கேன் அளவில் ஒரு பிளாஸ்டிக் ஜாடி, மேலே சைக்கிளுக்குக் காற்றடிக்கிற மாதிரி ஒரு கைப்பிடி. இருபது தடவை இழுத்து அமுக்கினால் ஜாடிக்குள் இருக்கிற காற்று வெளியே போய்விடும். அதற்கப்புறம் நீங்கள் கை கட்டிக்கொண்டு நிற்கலாம். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிவிட்டு, அந்த ஓட்டை வழியாக ஒரு மெல்லிய குழாயை இன்ஜினின் அடிவரைக்கும் இறக்கிவைத்தால், அதுவே உறிஞ்சிக்கொள்ளும். வீடியோவில் ஒருத்தர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, காபி குடித்துக்கொண்டே மாற்றினார். காருக்கு அடியில் படுக்க வேண்டாம், நட்டைக் கழற்ற வேண்டாம், முகத்தில் ஆயில் கொட்ட வேண்டாம். சின்னவன் அந்த வீடியோவைப் பதினோரு தடவை பார்த்திருந்தான்.

அப்பா டாக்சி ஓட்டியவர். முப்பது வருஷமும் சாக்கை விரித்துக் காருக்கு அடியில் படுத்துத்தான் ஆயில் மாற்றினார். சின்னவனைத் தொடவிட்டதில்லை. பதினாறு வயசில் ஒரே ஒரு தடவை ஸ்பேனரைக் கையில் கொடுத்தார். நட்டு வழுக்கி, கொதிக்கிற ஆயில் அவர் முழங்கை மேலே கொட்டியது. அவர் அடிக்கவில்லை. தெருவில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் சிரித்துக்கொண்டே, "இவன் கையில ஸ்பேனர் பாக்கறப்போ எனக்கு இவன் மேல கோவமே வரலய்யா, அந்த ஸ்பேனர நெனச்சாத்தான் பாவமா இருக்கு," என்றார். தெருவே சிரித்தது. பத்து வருஷமாகிறது. சில சிரிப்புகள் யாருடையவை என்று இன்னும் பிரித்துச் சொல்ல முடியும் அவனால்.

அந்த அப்பா இப்போது சுவருக்கு அந்தப் பக்கத்து அறையில் படுத்திருக்கிறார். எட்டு மாசமாக. மூளையில் ரத்தம் கட்டி, பேச்சு போய், ஒரு பக்கம் முழுக்க விழுந்து, தொண்டையில் துளை போட்டு, அதன் வழியாகத்தான் மூச்சு. அந்தத் துளையில் சளி சேரும். சேர்ந்தால் களகளவென்று சத்தம் வரும். வந்தால் உடனே கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிற மோட்டாரைப் போட்டு, மெல்லிய குழாயைத் துளைக்குள் விட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும். இல்லையென்றால் மூச்சு முட்டிவிடும். எட்டு மாசமும் அதைச் செய்தது அக்கா. இதற்காகவே பள்ளிக்கூட வேலையை விட்டவள், அதே வேலை மறுபடி காலியாக இருக்கிறதென்று கேள்விப்பட்டு இன்று மத்தியானம்தான் முதல் தடவையாகக் கிளம்பிப் போயிருந்தாள். மூன்று மணி நேரம். போவதற்கு முன்னால் செருப்பைப் போட்டபடியே திரும்பிச் சொன்னாள்:

"பத்து எண்ணு. பத்துக்குள்ள குழாய வெளிய எடுத்துரு. அதுக்கு மேல விட்டேன்னு வச்சுக்க, சளி மட்டும் வராது, மூச்சையும் சேத்து இழுத்துரும்."

அவன் தலையாட்டினான். அவள் தெருமுனை திரும்பியதும் ஷெட்டுக்குப் போய், இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்து, கார் பானெட்டைத் தூக்கினான்.

ஏன் இன்றைக்கே என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்ல வீட்டில் யாருக்கும் குரல் இல்லாத நாள் இன்றைக்குத்தான். அவன் இன்னொன்றும் செய்தான். அப்பா அறைக்கும் ஷெட்டுக்கும் நடுச்சுவரில் ஒரு ஜன்னல் உண்டு. எப்போதும் மூடியே இருக்கும். அதைத் திறந்துவிட்டு, கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி, அப்பாவின் முகத்தை ஷெட் பக்கமாகத் திருப்பிவைத்தான். பார்க்கட்டும்.

பெட்டியில் வந்த குழாய் வளைத்ததும் விரிசல் விட்டது. கடைக்காரனை நாலு வார்த்தை திட்டினான். அப்புறம் யோசிக்கவே இல்லை. அப்பா கட்டிலுக்குப் பக்கத்து டிராயரில் இருந்து சளி எடுக்கிற குழாய்கள் இரண்டை உறை கிழித்தெடுத்து, டேப் சுற்றி ஒன்றாக்கினான். அளவு கச்சிதம். அப்பாவின் நல்ல கை கட்டில் கம்பியை மோதிரத்தால் தட்டியது. டொக். டொக். டொக். அதுதான் அவர் கூப்பிடுகிற விதம். சின்னவன் திரும்பிப் பார்க்காமல், புதுசு வாங்கி வைத்துவிடுகிறேன், எல்லாத்துக்கும் பதறாதீங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. சாரல் அடிக்கிறதென்று ஷட்டரைப் பாதிக்கு இறக்கினான். நாலு மணிக்கே ஷெட்டுக்குள் அந்தி வந்தது. தகரக் கூரையில் மழை, கார் பானெட்டுக்குள் சூடு ஆறுகிற இரும்பின் டிக் டிக், ஈரச் சிமெண்டு வாசனை, அதற்கு மேலே பழைய ஆயிலின் கருகிய வாசனை, எல்லாவற்றுக்கும் அடியில், கவனித்தால் மட்டுமே கேட்கிற மாதிரி, குழாய் வழியாகக் கறுப்பு ஏறுகிற ஒரு மெல்லிய ஈரச் சத்தம்.

நாலரை லிட்டர்.

ஆயில் தீர்ந்தால் பம்ப் சொல்லிவிடும். இளநீரின் கடைசியை ஸ்ட்ராவால் உறிஞ்சுகிற மாதிரி ஒரு களகளப்பு வரும், அதோடு முடிந்தது என்று வீடியோக்காரர் சொல்லியிருந்தார். சின்னவன் அந்தச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான்.

வந்தது. ஆனால் பம்பிலிருந்து இல்லை. ஜன்னலிலிருந்து.

கையைத் துடைத்துக்கொண்டு ஓடினான். அப்பா கண் திறந்திருந்தார். மோட்டாரைப் போட்டு, புதுக் குழாய் மாட்டி, துளைக்குள் விட்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணினான். எதுவும் வரவில்லை. வெறும் காற்று. ஏழில் வெளியே எடுத்தான். குழாய் காய்ந்திருந்தது. தொண்டை சுத்தமாக இருந்தது. சத்தமும் நின்றிருந்தது. அப்பா அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலே, ஜன்னல் வழியாக, ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கன்னம் கொஞ்சம் உள்ளே போயிருக்கிறதோ என்று தோன்றியது. தலைமாட்டை உயர்த்தியதில் நிழல் அப்படி விழுகிறது என்று சொல்லிக்கொண்டான்.

திரும்பி வந்தபோது ஜாடி ஐந்தைத் தாண்டியிருந்தது. நிறமும் மாறியிருந்தது. கறுப்புக்கு மேலே பழுப்பாக, நுரையாக ஒரு அடுக்கு. ஜாடியைத் தொட்டான். இன்ஜினை அணைத்து ஒரு மணி நேரம் ஆகிறது, பானெட்டுக்குள் எல்லாம் ஆறிப் போயிருந்தது. ஜாடி ஆறவில்லை. கொதிக்கவும் இல்லை. அந்தச் சூடு அவனுக்குப் பழக்கமான சூடு. காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்து, இல்லை என்று கையை எடுக்கும்போது உள்ளங்கையில் இருக்குமே, அது.

வாசனையும் இப்போது கருகல் இல்லை. மருந்து. பவுடர். நாள்பட்ட நோயாளியின் வாய்.

போதும் என்று முடிவெடுத்தான். ஜாடி மூடியில் ஒரு சின்ன வால்வு உண்டு. அதைத் திறந்தால் வெளிக்காற்று புஸ்ஸென்று உள்ளே போய் உறிஞ்சல் நின்றுவிடும். திறந்தான். புஸ் வரவில்லை. ஏறுவதும் நிற்கவில்லை. குழாயைப் பிடித்து இழுத்தான். முதலில் ஒரு அங்குலம் வந்தது. அப்புறம் வரவில்லை. எங்கேயோ சிக்கின மாதிரி இல்லை அது. பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. கைக்குழந்தை விரலைப் பற்றுமே, அப்படி, மிருதுவாக, விடாமல்.

இழுத்த வேகத்தில் குழாயை இறுக்கி மடித்துவிட்டான்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மூச்சு நின்றது.

மோதிரம் தட்ட ஆரம்பித்தது. டொக்டொக்டொக்டொக். அவன் விரலைத் தளர்த்தினான். குழாயில் ஒரு குமிழி மேலே ஏறியது. உள்ளே மூச்சு திரும்ப வந்தது, ஈரமாக. தட்டுவது நின்றது.

மறுபடி மடித்தான். நின்றது.

விட்டான். வந்தது.

போன் அடித்தது. அக்கா. ஆயில் கையோடு எடுத்தான். அப்பா எப்படி இருக்கார் என்றாள். தூங்குகிறார் என்றான். அவள் குரலில் என்னவோ துள்ளல், மழை குறைந்ததும் ஆட்டோ பிடித்துவிடுவேன் என்றாள். இப்போதே வா என்று சொல்ல வாயைத் திறந்தான். என்ன ஆச்சு என்று கேட்பாள். அப்பாவின் குழாயை எடுத்துக் காருக்குள் விட்டேன் என்று சொல்ல வேண்டும். பத்து வருஷத்துக்கு முந்தைய தெரு முழுக்க ஒரு தடவை காதுக்குள் சிரித்தது. சரி என்று சொல்லி வைத்துவிட்டான்.

ஆறு லிட்டர்.

மடித்துப் பிடித்தால் மூச்சு முட்டுகிறது. விட்டால், ஒவ்வொரு குமிழிக்கும் அப்பாவின் நெஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகிறது. ஜன்னல் வழியாகத் தெரிந்தது. பனியனுக்கு அடியில் எலும்புகள் ஒவ்வொன்றாக எழுந்தன. கழுத்துத் தோல் துளையைச் சுற்றி உள்வாங்கியது. கண்கள் மட்டும் அதே அளவில். அவை இப்போது ஜாடியைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தன. அதில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஸ்பேனரைப் பார்த்த அதே பாவம்.

குழாயில் இப்போது ஆயிலே இல்லை. நுரை. அப்புறம் நுரையும் இல்லை. வெறும் ஆவி, கண்ணாடியில் ஊதின மாதிரி, குழாயின் உள்பக்கம் வெளுத்து, தெளிந்து, வெளுத்து, தெளிந்து.

பேப்பர் கட்டர் ஸ்டூல் மேலே கிடந்தது. அவன் யோசிக்கவில்லை. அறுத்தான்.

இன்ஜின் பக்கத்துத் துண்டு விருட்டென்று ஓட்டைக்குள் போய் மறைந்தது. யாரோ உள்ளேயிருந்து இழுத்துக்கொண்ட வேகம்.

அமைதி. மழைகூட விட்டிருந்தது.

அவன் கையில் ஜாடிப் பக்கத்துத் துண்டு. அதன் அறுந்த வாயிலிருந்து காற்று வந்தது. வெதுவெதுப்பாக. மணிக்கட்டின் மயிர் அசைகிற அளவுக்கு. பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு ஆள் தூங்கும்போது விடுகிற மூச்சு.

ஜன்னலைப் பார்த்தான். அப்பாவின் நெஞ்சு அசையவில்லை.

கட்டைவிரலை அறுந்த வாயில் வைத்து அழுத்தினான். வால்வை மூடினான். மூடி ஓரத்திலிருந்தும் மூச்சு கசிந்தது. ஜாடியை மடியில் தூக்கி வைத்து, நெஞ்சோடு அணைத்து, மறு கையால் மூடியை அமுக்கினான். உள்ளே மொத்தக் கறுப்பும் ஏறியது. இறங்கியது. ஏறியது.

கேட் சத்தம்.

"அக்கா," என்றான்.

அவள் ஷெட் பக்கம் வரவில்லை. நேராக உள்ளே போனாள். ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது, நனைந்த தலையோடு, எட்டு மாசத்தில் அவன் பார்க்காத ஒரு சிரிப்போடு.

"இருடா, அப்பாகிட்டதான் மொதல்ல சொல்லணும்." கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "அட, தூங்கிட்டாரா. சளிச் சத்தமே இல்லடா. இவ்வளவு சுத்தமா நான்கூட எடுத்ததில்ல."

"அக்கா, இங்க வா."

"வரேன். கத்தாத, முழிச்சுருவாரு."

எழுந்தால் விரல் நகரும். நகர்ந்தால் போய்விடும். அவன் எழவில்லை.

அக்கா தலையணைக்கு அடியிலிருந்து சீப்பை எடுத்து, அப்பாவின் தலையை வாரிவிட்டபடி மெல்லிய குரலில் பேச ஆரம்பித்தாள். திங்கட்கிழமையே வரச் சொல்லிவிட்டார்கள் என்றாள். அதே வகுப்பு, அதே அறை, ஜன்னலோர மேசைகூட அப்படியே இருக்கிறது என்றாள். வகிடு எடுத்தாள். பனியனை இழுத்துச் சரிசெய்தாள். அந்த நெஞ்சு பலகை மாதிரிக் கிடந்தது.

சின்னவனின் மடியில் ஜாடி ஒரு தடவை விம்மியது. கட்டைவிரலுக்கு அடியில் ஏதோ தள்ளியது. உள்ளே இழுத்தது. தள்ளியது. விரல் முழுக்க ஆயில். அது வழுக்க ஆரம்பித்திருந்தது.