நம்ம கடை

மழைக்குப் பயந்து ஓடிவந்த வேகத்தில் அவள் குடையை மடக்க... கம்பி முனை தட்டி, எதிரே வந்த தபால்காரனின் மூக்குக்கண்ணாடி நூலக வாசலில் விழுந்து உடைந்தது.

“ஐயையோ... சாரிங்க! நான் கண்ணாடிக் கடைதான் வெச்சிருக்கேன். சும்மாவே மாத்தித் தரேன்.”

“ஓ... வியாபாரத்துக்காகத்தான் இடிச்சீங்களா?”

அந்தக் கண்களில் குறும்பு. அவளும் சிரித்துவிட்டாள்.

உள்ளே இரு மதத்தாரும் மனம்விட்டுப் பேசும் கூட்டம். மதத்துக்கு ஒருவராக எதிரெதிரே உட்கார வைத்தார்கள். ஒருவர் கதையை மற்றவர் தன் கதையாகவே திருப்பிச் சொல்ல வேண்டும். விதியைப் பாருங்கள்... அவளுக்கு எதிரே அவனேதான்! அந்தப் பக்கத்து ஆளா இவன்? அவள் முகம் வாடிவிட்டது.

“கலவரத்துல உங்க ஆளுங்க எங்க கடைய எரிச்சாங்க. அப்போ நான் பொறக்கவே இல்ல. ஆனா கதவு படார்னு சாத்தினா அப்பாவோட சேர்ந்து நானும் நடுங்கறேன்...” என்றாள்.

அவன் திருப்பிச் சொன்னான். “கலவரத்துல நம்ம கடைய எரிச்சாங்க...”

“எங்க கடைன்னு சொல்லுங்க தம்பி!” என்று கூட்டம் நடத்திய அம்மா திருத்த, எல்லாரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. வாய் தவறி வந்த அந்த ‘நம்ம’வுக்குள் அவளும் இருந்தாளே!

இப்போது அவன் முறை.

“அன்னிக்கு எங்க அப்பா உங்க கடைத் தெருவுலதான் நின்னாரு. எரிக்கல... தடுக்கவும் இல்ல. சாகுற வரைக்கும் அத நெனச்சுக் குமுறினாரு. இன்னிக்கும் அந்தத் தெருத் தபால நான் எடுக்கறதில்ல. கூட வேலை செய்யறவர்கிட்ட தள்ளிவிட்டுடுவேன்.”

வேடிக்கை பார்த்தவர் மகனா! அவள் விருட்டென்று எழுந்து வாசல்வரை போய்விட்டாள். போய்விட்டால் இந்த வெறுப்பும் கூடவே வீட்டுக்கு வரும்... நாளை அவள் பிள்ளையும் கதவுச் சத்தத்துக்கு நடுங்கும். திரும்பி வந்து உட்கார்ந்து, அவன் கதையைத் திருப்பிச் சொன்னாள்.

“எங்க அப்பா தடுக்கல... அந்த வெக்கத்த நான் சுமக்கறேன். ஆனா நான் எந்தத் தப்பும் பண்ணல...”

அவன் கண்கள் நிறைந்தன. “கடைசியா சொன்னது... நான் சொல்லலியே?”

“தெரியும். அது நான் சொல்றது.”

வெளியே மழை விட்டிருந்தது. படியில் இறங்கும்போது அவள் தயங்கி நின்றாள்.

“நாளைக்கு எங்க தெருத் தபால நீங்களே கொண்டு வாங்க.”

“உங்களுக்குத் தபாலே இல்லன்னா...?”

“இல்லன்னாலும் வாங்க. அப்பா இருப்பாரு. இவர எனக்குப் பிடிச்சிருக்குப்பான்னு... ஆளக் காட்டிச் சொல்லணுமில்ல?”