சிவப்புத் துணி கட்டிய செடி

கொழும்பிலிருந்து வந்து இறங்கிய திலக்ஷனிடம் இரண்டு பைகள் இருந்தன. ஒன்றில் உடுப்பு. மற்றது முழுக்கப் பூச்சி கடிக்காமல் காக்கும் சாமான்கள்.

கிருஷாந்தி அந்த இரண்டாவது பையைத் திறந்து பார்த்தாள். பூசுகிற களிம்பு, தெளிக்கிற போத்தல், கையில் கட்டுகிற பட்டி, சட்டையில் ஒட்டுகிற ஸ்டிக்கர் என்று வந்துகொண்டே இருந்தன.

"கடை போடப் போறியாடா?" என்று கேட்டாள்.

"அம்மாதான் வச்சு விட்டாங்க," என்றான் திலக்ஷன் பாவமாக.

அவனுடைய அம்மா ஜெயந்தினி, கிருஷாந்திக்கு அத்தை. பூண்டுலோயாவுக்கு மேலே இருக்கும் இதே தேயிலைத் தோட்டத்தில், இதே லயத்து வீட்டு வரிசையில் பிறந்து வளர்ந்தவர்தான். ஆனால் கல்யாணமாகிக் கொழும்புக்குப் போன பிறகு, மகனை ஒரு நுளம்பு கடித்தாலே டாக்டரிடம் ஓடுகிறவராக மாறிவிட்டார். மகனை லீவுக்கு அனுப்பச் சம்மதித்ததே பெரிய விஷயம். அதிலும் ஒரு கண்டிப்பு இருந்தது.

"ஏதாச்சும் கடிச்சிச்சுன்னு கேள்விப்பட்டேன், அடுத்த பஸ்ஸிலயே வந்து கூட்டிட்டுப் போயிடுவேன்!"

கிருஷாந்தி இந்த லீவுக்காக எவ்வளவோ நாளாகக் காத்திருந்தாள். அவனை ஒரு எறும்புகூட நெருங்க விடக்கூடாது என்று முடிவு செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் வேலை இல்லை. கிருஷாந்தியின் அம்மா மீனம்மா ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, இருவரையும் ஆற்றுக்குக் கூட்டிப் போகத் தயாரானார்.

"மொதல்ல காலைக் காட்டு," என்று கிருஷாந்தி சவுக்காரக் கட்டியை எடுத்து வந்தாள். திலக்ஷனின் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை நன்றாகத் தேய்த்தாள்.

"குளிக்கவே இல்லையே, எதுக்கு சவுக்காரம்?"

"அட்டைக்கு இது புடிக்காது. கொழுந்து எடுக்கப் போறவங்க எல்லாரும் பூசுவாங்க."

மீனம்மா மூக்கைச் சுளித்தார். "என்ன தம்பி, மல்லிகைப்பூ வாசம் வருது?"

"சென்ட் போட்டிருக்கேன் அத்தை."

"போய்க் கழுவிட்டு வா சாமி. இந்த வாசத்தோட மலைக்குள்ள போனா, குளவிய வெத்தல பாக்கு வச்சுக் கூப்பிட்ட மாதிரி ஆயிடும்."

ஆற்றில் அவர்கள் ஆடிய ஆட்டத்தைச் சொல்லி மாளாது. திரும்பக் கரையேறியபோது ஒரே ஒரு அட்டை கடித்திருந்தது. அதுவும் கிருஷாந்தியின் காலில்! அவனுக்குப் பூசிய அவசரத்தில் தனக்குப் பூச மறந்துவிட்டாள். திலக்ஷன் விழுந்து விழுந்து சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் மீனம்மா துணி துவைக்க, மலைத் தண்ணீர் கொட்டும் பீலிக்கரைக்குப் போனார். திலக்ஷன் ஒரு கம்பில் சிவப்புத் துணியைக் கட்டி வாசலில் நட்டான்.

"இது என் கோட்டை! இது என் கொடி!"

அந்தத் துணியைப் பார்த்த கிருஷாந்தி ஓடிவந்து கம்பைப் பிடித்தாள்.

"இத எங்கடா எடுத்த?"

"வர்ற வழியில. ஒரு தேயிலைச் செடியில கட்டியிருந்திச்சு. நீங்க முன்னால போயிட்டீங்க, நான் அவுத்துப் பைக்குள்ள வச்சிக்கிட்டேன். பழைய துணிதானே?"

"ஐயோ! அதுக்குப் பக்கத்து மரத்துல குளவிக்கூடு இருக்குன்னு அர்த்தம்டா! கொழுந்து எடுக்கிறவங்க அந்தப் பக்கம் போகக் கூடாதுன்னுதான் கட்டி வச்சிருக்காங்க. நாளைக்கு அம்மாவெல்லாம் அந்த மலைக்குத்தான் போறாங்க!"

திலக்ஷனின் முகம் வெளுத்துவிட்டது. "எனக்குத் தெரியாதே. யாருமே சொல்லலையே."

உண்மைதான். லயத்தில் பிறந்த பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே அதைத் தெரிந்துகொள்கிறார்கள். அதை எடுத்துச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. கிருஷாந்திக்கும் தோன்றவில்லை.

"அம்மாகிட்ட சொல்லுவோம்," என்றாள்.

"வேணாம், வேணாம்! அத்தை எங்க அம்மாகிட்ட சொல்லுவாங்க. அம்மா வந்து என்னைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. நாமளே போய்த் திருப்பிக் கட்டிடலாம்."

கிருஷாந்திக்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை. அவன் போய்விட்டால் மிச்ச லீவு முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

"எந்தச் செடின்னு தெரியுமா?"

திலக்ஷன் தலையைச் சொறிந்தான். "எல்லாச் செடியும் ஒரே மாதிரித்தான் இருந்திச்சு."

"அப்ப எப்படிடா கட்டுறது? வேற செடியில கட்டினோம்னா, துணி இல்லாத பக்கம் நல்ல பக்கம்னு நெனச்சு, நேரா கூட்டுக்குக் கிட்டயே போயிடுவாங்க."

"போனா எனக்கு ஞாபகம் வரும்!" என்ற திலக்ஷன், துணியைப் பிடுங்கிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் ஓட்டமெடுத்தான்.

"டேய், போகாத! நில்லுடா!" கிருஷாந்தி பின்னாலேயே ஓடினாள்.

அவள் பாதை வளைவுக்கு வந்தபோது, "ஆ!" என்று ஒரு சத்தம். வளைவுக்கு மேலே, ஒரு கறுப்புப் பாறைக்குப் பக்கத்தில் திலக்ஷன் கையை உதறிக்கொண்டு நின்றான்.

"முகத்தைப் பொத்திக்கிட்டு ஓடி வா! நிக்காத!"

இருவரும் வாசல் வரை திரும்பிப் பார்க்கவே இல்லை. நல்ல காலம், கொட்டியது ஒரே ஒரு குளவி. ஆனால் திலக்ஷனின் புறங்கை பணியாரமாக உப்பிவிட்டது. கண்ணில் நீர் கட்டி நின்றது.

கிருஷாந்தி கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவிவிட்டு, கொழும்புப் பையைத் தரையில் கொட்டினாள். ஒவ்வொரு போத்தலாக எடுத்துப் படித்தாள்.

"எல்லாமே கடிக்காம இருக்கத்தான். கடிச்ச பொறகு போட ஒண்ணுமே இல்லையேடா!"

அழுதுகொண்டிருந்தவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அவள் ஒரு துண்டைக் குடத்திலிருந்த பீலித் தண்ணீரில் நனைத்துக் கையில் சுற்றினாள். மலைத் தண்ணீர் ஐஸாகக் குளிர்ந்தது. துண்டு சூடேற ஏற மறுபடி மறுபடி நனைத்தாள். எரிச்சல் மெல்லக் குறைந்தது.

"சட்டைக் கையை இறக்கிவிட்டா யாருக்கும் தெரியாது," என்றான் திலக்ஷன், அரை மனதாக.

கிருஷாந்தி துண்டை அவிழ்த்தாள். அவன் தன் கையையே பார்த்தான். "ஒண்ணு கொட்டினதுக்கே இப்படி வலிக்குது. கூட்டமா வந்தா அத்தை என்ன செய்வாங்க?"

அவனே எழுந்து பீலிக்கரைக்கு நடந்தான். கிருஷாந்தியும் கூடவே போனாள். எல்லாவற்றையும் அவனே சொன்னான்.

மீனம்மா முதலில் அவனுடைய முகத்தைத் திருப்பிப் பார்த்தார். "மூச்சு முட்டுதா? தலை சுத்துதா? ஒதடு வீங்குதா? அப்படி எதுவும்னா ஒடனே சொல்லணும், ஆஸ்பத்திரிக்குப் போகணும்." ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மூச்சு விட்டார். "என்கிட்ட சொன்னது நல்லது. ஆனா காலையில பெரட்டுலயும் சொல்லணும். வேலைக்குப் போற எல்லாரும் அங்கதான் கூடுவாங்க."

மறுநாள் காலை பெரட்டுக்களத்தில் பெண்கள் கூடையோடு நின்றார்கள். திலக்ஷன் அவர்கள் முன்னால் போய் நின்றான். கிருஷாந்தி அவனுடைய வீங்காத கையைப் பிடித்துக்கொண்டாள்.

"குளவிக்கூட்டுக்குக் கட்டியிருந்த துணிய நான்தான் அவுத்தேன். வளைவுக்கு மேல, கறுப்புப் பாறைக்குப் பக்கத்துல. மன்னிச்சிருங்க."

"அவனுக்கு அது தெரியாதுங்க," என்றாள் கிருஷாந்தி. "சொல்லித் தந்திருக்க வேண்டியது நான்."

நாகலெட்சுமி அக்கா கூடையை இறக்கி வைத்தார். கட்டுவதற்குத் துணி கொடுத்தவர் அவர்தான். "அடப்பாவி, என் கல்யாணச் சேலைய கிழிச்சில்ல குடுத்தேன்!" என்றார். பிறகு அவன் தலையைத் தடவினார். "சொல்லாம விட்டிருந்தா இன்னைக்கு மொத நிரையில போறவ நான்தான்டா ராசா."

கங்காணி அன்றைக்கு எல்லோரையும் வேறு மலைக்கு அனுப்பினார். கூட்டை அகற்ற ஆள் வரும்வரை அந்தப் பக்கம் போக வேண்டாம் என்றார். நாகலெட்சுமி அக்கா சேலையில் இன்னும் பெரிய துண்டாகக் கிழித்து, பாதைத் தொடக்கத்திலேயே கட்டினார்.

மாலையில் ஜெயந்தினி அத்தை போன் பண்ணினார். திலக்ஷன் தானே வாங்கி ஸ்பீக்கரில் போட்டான். கிருஷாந்தி சுவரோரம் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏதாச்சும் கடிச்சிச்சா?"

"குளவி கொட்டிச்சும்மா."

"என்னது! நாளைக்குக் காலையிலயே..."

"இருங்கம்மா, முழுசா கேளுங்க." அவன் சிவப்புத் துணியைப் பற்றிச் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை.

அத்தை இப்போதே பஸ் ஏறிவிடுவாரோ என்று கிருஷாந்தி நினைத்தாள்.

பிறகு அத்தையின் குரல் வந்தது. அது கொழும்பு அத்தையின் குரலாக இல்லை, இந்த லயத்தில் வளர்ந்த பெண்ணின் குரலாக இருந்தது.

"துணிய திருப்பிக் கட்டியாச்சா?"

"கட்டியாச்சும்மா. பெருசா கட்டியிருக்காங்க."

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

"இல்லம்மா."

அத்தை பெருமூச்சு விட்டார். "சரி. கையில ஈரத்துணி போட்டுக்க, சொறியாத. லீவு முடிஞ்சதும் வந்து கூட்டிட்டுப் போறேன்."

திலக்ஷன் போனை வைப்பதற்குள் கிருஷாந்தி சவுக்காரக் கட்டியோடு வந்து நின்றாள். இந்த முறை தன் காலில்தான் முதலில் பூசினாள்.