மாதுளையின் பதினாறு வாரங்கள்

இறந்து நாற்பது நாள் ஆன தேவநாதன் அன்றும் காலை ஆறு மணிக்கே குதிரைப் பயிற்சிக்குப் புறப்பட்டுவிட்டார். செவ்வாயின் தெற்குக் குடியிருப்பில் இதையெல்லாம் யாரும் நின்று வேடிக்கை பார்ப்பதில்லை. அந்தத் தெருவிலேயே அப்படிப் புறப்படுகிறவர்கள் மூன்று பேர் இருந்தார்கள்.

நிழற்சேணம் என்று அதற்குப் பெயர். ஒருவர் அதில் சில ஆண்டுகள் உட்கார்ந்து ஓட்டினால் போதும். எப்போது முழங்காலை அழுத்துவார், எந்தக் கையால் கடிவாளத்தை இழுப்பார், எப்போது நாக்கைச் சொடுக்குவார் என்று எல்லாவற்றையும் அது கற்று வைத்துக்கொள்ளும். ஆள் போன பிறகு, ஆள் இல்லாமலே ஓட்டும். மாதுளை என்ற அந்தச் செந்நிறப் பெண்குதிரையின் மேல் வெறும் சேணம்தான் இருந்தது. ஆனால் கடிவாளம் காற்றில் தூக்கி நின்றது. அங்கவடிகள் இரண்டும் யாரோ கால் ஊன்றியதுபோல் விறைத்திருந்தன. குடியிருப்பை மூடிய கூரையின் குழாய்கள் பொழியும் பனிப்புகைக்குள் குதிரை மறையும்வரை மனைவி மதுரவல்லி வாசலில் நிற்பாள். பிறகு உள்ளே போய், கால் வலியோடு திரும்புகிறவருக்கு வெந்நீர் வைப்பாள். யாரும் அதைத் தொடுவதில்லை. மறுநாளும் வைப்பாள்.

அவளுக்கு ஆவியைப் பற்றிக் கவலை இல்லை, எலும்பைப் பற்றித்தான். செவ்வாயில் எடை குறைவு என்பதால் குதிரைகளுக்கு எலும்பு தளர்ந்துவிடும். ஆகவே ஆண்டுதோறும் ஒவ்வொரு குதிரையும் ஒழுங்குநடை, காட்டோட்டம், தடைதாண்டல் மூன்றும் சேர்ந்த முத்திறப் போட்டியில் இறங்க வேண்டும். அதற்கு முன் கால் பரிசோதனை. இரண்டு ஆண்டு தொடர்ந்து தேறாத குதிரையைக் கொன்று, உணவுக்கான புரதத் தொட்டிக்கு அனுப்பிவிடுவார்கள். தேவநாதன் படுக்கையில் கிடந்த போன ஆண்டில் மாதுளை தேறவில்லை.

பயிற்சியாளன் கிறிஸ்துதாஸ் பதினாறு வாரத்துக்குத் திட்டம் போட்டுத் தந்தான். முதல் நான்கு வாரம் நடையும் துள்ளுநடையும். பிறகு வாரம் இரண்டு நாள் மேடேற்றம். எட்டாம் வாரத்திலிருந்து நான்கு நாளுக்கொரு முறை பாய்ச்சல்: ஐந்து நிமிடம் பாய்ந்து, மூன்று நிமிடம் நடந்து, இப்படி மூன்று தடவை. வியாழன் ஓய்வு.

"ஒரு நாள் தவறுனாலும் கணக்கு கெட்டுரும்க்கா. அண்ணன் ஒழுங்கா போவாருல்லா?"

"படுக்கையில விழுறவரைக்கும் பதினோரு வருஷத்துல ஒரு நாள் தவறுனதில்ல, தம்பி. காய்ச்சலோட கூடப் போயிருக்காரு."

சேணம் ஏழரைக்குத் திரும்பி, சுவர்ப்பலகையில் தேவநாதனின் கையெழுத்திலேயே குறிப்பு எழுதும். 'மூன்று பாய்ச்சல். நல்ல வேகம்.' மதுரவல்லி அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்ப்பாள்.

பதினான்காம் வாரம் கிறிஸ்துதாஸ் மாதுளையின் குளம்பைத் தூக்கிப் பார்த்தான்.

"இந்த லாடம் எப்ப அடிச்சது?"

"மூணு மாசம் இருக்கும்."

"நேத்து அடிச்சது மாதிரில்லா இருக்கு. தேயவே இல்லையே."

"அவருக்குத்தான் இப்ப எடையே கிடையாதே. எப்படித் தேயும்?"

"ஓடுறது குதிரைல்லாக்கா."

மறுநாள் இருவரும் பின்னாலேயே போனார்கள். மேட்டின் உச்சியில், பனிப்புகைக்கு நடுவில், மாதுளை அசையாமல் நின்றுகொண்டிருந்தது. கடிவாளம் அதன் கழுத்தில் தளர்ந்து கிடந்தது. இடது அங்கவடி மட்டும் மெல்ல மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு மேசையடியில் தேவநாதன் காலாட்டும் அதே தாளம்.

"ஏங்க..." என்று கூப்பிட்டுவிட்டாள்.

அங்கவடி நின்றது. சற்றுப் பொறுத்து மறுபடி ஆடத் தொடங்கியது.

ஒரு மணி நேரம் கழித்து நாக்குச் சொடுக்கும் ஓசை கேட்டது. குதிரை நிதானமாக இறங்கி நடந்தது. வீட்டு வாசலுக்கு நூறடி இருக்கும்போது பாய்ச்சலில் போய் நின்றது. பலகையில் எழுத்து விழுந்தது: 'மூன்று பாய்ச்சல். நல்ல வேகம்.'

"உயிரோட இருந்தப்பவும் இப்படித்தானா?" என்றாள் மதுரவல்லி.

கிறிஸ்துதாஸ் தரையைப் பார்த்தான். "சேணம் சொந்தமா எதையும் செய்யாதுக்கா."

பொய்க்குறிப்பு எழுதும் சேணத்தை அழித்துவிடுவது சட்டம். சொன்னால் கணவர் போய்விடுவார். சொல்லாவிட்டால் குதிரை போய்விடும். மதுரவல்லி மீதி இரண்டு வாரமும் வாய் திறக்காமல் வெந்நீர் வைத்தாள்.

பரிசோதனைக்கு முப்பத்தொரு குதிரைகள் வந்தன. எலும்புக்குப் பயந்து எல்லாரும் திட்டத்துக்கு மேல் பாய்ச்சலைக் கூட்டியிருந்தார்கள். முப்பது குதிரைகள் தசைநார் வீங்கியும் முழங்கால் கீறல் விட்டும் நொண்டின. தினமும் மேடேறி இறங்கிய நடை ஒன்றுதான் மாதுளைக்குச் செய்த பயிற்சி. அதன் கால்கள் மட்டும் கல்லாக இருந்தன. போட்டியில் அது தனியாக ஓடி முதலாவதாகவும் கடைசியாகவும் வந்தது.

அன்று மாலைக்குள் தேவநாதனின் குறிப்புகள் முப்பது லாயங்களிலும் ஒட்டப்பட்டன. அடுத்த வாரம் பயிற்சிக் கழகத்தின் ஆணை வந்தது: இனி எல்லாக் குதிரைக்கும் இதுவே கட்டாயத் திட்டம், கூடுதலாக இரண்டு பாய்ச்சல், கூடவே உயிருள்ள கண்காணிப்பாளர் ஒருவர். மாதுளைக்கும் விலக்கில்லை. இந்த ஆண்டு தேறாமல் நொண்டுகிற முப்பதுக்கும் அடுத்த ஆண்டுதான் கடைசி வாய்ப்பு.

மதுரவல்லி சேணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு கழகத் தலைவர் குலசேகரனின் அறைக்குப் போனாள். அதை மேசைமேல் வைத்தாள்.

"இதை அழிச்சிருங்கய்யா. இது எழுதினது அத்தனையும் பொய். ஒரு நாள் கூட ஓடல. மேட்டுல போய் சும்மா நின்னுட்டு வந்துச்சு."

குலசேகரன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "முதல்ல வர்றவங்க எல்லாருமே இப்படித்தாம்மா சொல்றாங்க. நான் ஒண்ணுமே படிக்கலைன்னு."

"சத்தியமாய்யா. வேணும்னா கூட வந்து பாருங்க."

"அடக்கம் நல்லதுதான்." அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு அவள் பக்கம் குனிந்தார். "என் பொண்ணு ஒரு குதிரைக்குட்டி வச்சிருக்கா. எனக்கு மட்டும் சொல்லுங்க. மாதுளைய உண்மையில எத்தனை மணிக்கு எழுப்புனீங்க?"