தவக்காலத்தில் ஒரு ஃபோன்

"அப்பா...!"

ஜாஸ்லின் போட்ட அலறலில் மேலப்புதூர் சந்து முழுக்கக் கதவு திறந்தது.

ஹால் நாற்காலியில் ஸ்தனிஸ்லாஸ் சரிந்து கிடந்தார். ரிட்டயர்டு கல்லூரி வாத்தியார். விரலிடுக்கில் அணைந்த சிகரெட். உடம்பு சில்லிட்டிருந்தது!

அவர் மனைவி டோரதி சுவரோடு ஒட்டி நின்றாள்.

டாக்டர் வந்து மாரடைப்பு என்றார். மகள் ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்டேஷனுக்கு ஃபோன் போட்டு, கொலை என்றாள்!

இன்ஸ்பெக்டர் ஹரிஹரசுதன் வந்து சேர்ந்தார்.

"வாங்க சார். மூணு வாரம் முன்னாடி இதே வீட்டுக்குத்தானே வந்தீங்க?"

"ஆமாம்மா. இ-சிகரெட் இருக்குன்னு தகவல். எடுத்துட்டுப் போனோம்."

"முப்பது வருஷம் சிகரெட் குடிச்சவர் சார்! ஷார்ஜாவிலேருந்து அனீஸ் அங்கிள் அதைக் கொண்டுவந்து குடுத்தப்புறம்தான் விட்டார். ரெண்டு வருஷமா ஒண்ணுகூடத் தொடலை. நீங்க பிடுங்கின அன்னிக்குச் சாயங்காலமே பெட்டிக்கடைக்குப் போயிட்டார்..."

"அது நம்ம நாட்டுல தடைம்மா. வீட்டுல வச்சிருக்கறதே தப்பு."

"அப்ப இது?"

அப்பாவின் விரலைக் காட்டினாள்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார்.

"காட்டிக்குடுத்தது யாரு சார்? அவன்தான் எங்கப்பாவைக் கொன்னவன்!"

"பேர் சொல்லலைம்மா. நம்பர் இருக்கு. ஆனா வெளியில சொல்லக் கூடாது..."

"சொல்ல வேணாம். கூப்பிட்டு எங்கிட்ட குடுங்க. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்!"

ஹரிஹரசுதன் தயங்கினார். அப்புறம்... எண்ணை அழுத்தினார்.

மாதா படத்துக்குக் கீழே ஒரு செல்ஃபோன் பாடியது. மாதா பாட்டு!

டோரதியின் ஃபோன்!

"அம்மா... நீயா?"

"சாம்பல் புதன் அன்னிக்கு நேர்ந்துக்கிட்டேன்டி... இந்தத் தவக்காலத்துல அவர் அந்தக் கருமத்தையும் விட்டுடணும்னு. எவ்வளவோ சொன்னேன், கேக்கலை. போலீஸ் வந்து எடுத்துட்டா ஒரேயடியா விட்டுடுவார்னு நினைச்சேன். பாவி நான்... நானே அவரைக் கொன்னுட்டேன்டி!"

டோரதி அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். ஜாஸ்லின் பக்கத்தில் போகவில்லை. இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள்.

"இப்ப யார் மேல சார் கேஸ் போடுவீங்க?"

"யார் மேலயும் முடியாதும்மா." ஹரிஹரசுதனின் குரல் கசந்தது. "உங்கம்மா தகவல் குடுத்தது சட்டப்படி. நான் எடுத்துட்டுப் போனதும் சட்டப்படி. உங்கப்பாவைக் கொன்னதும் சட்டப்படிதான்... கடைக்காரன் பத்த வைக்க நெருப்புகூடக் குடுத்திருப்பான்!"